செருப்பு கழன்றால் தெரிகிறதா?

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நம் துறை மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதித் தரச் சொன்னீர்கள். ரிட்டயர் ஆன பிசியோதெரபிஸ்ட் என்றால் பெட்டி நிறைய அனுபவம் இருக்கும் என்று நினைப்பு. இருக்கிறதுதான். தூக்கிக்கொண்டு வந்தவர்களை நடக்க வைத்து அனுப்பிய கதைகளாகப் பொறுக்கி எழுதி, கீழே என் போட்டோவையும் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போன மாதம் உங்கள் முன்னால் நின்று பேசிவிட்டு வந்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

அன்று கை தட்டினீர்கள். சர்க்கரை போடாத டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அடையாறு மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்து ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டீர்கள். அதையெல்லாம் வாங்கிக்கொள்ள எனக்கு அன்று யோக்கியதை இல்லை. அதைத்தான் எழுதப்போகிறேன். நேரில் வந்து சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அன்று என் காலில் என்ன செருப்பு இருந்தது என்று உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம் வார் வைத்து, குதிகாலைச் சுற்றிப் பக்கிள் போட்டு மாட்டுகிற செருப்பு. அந்த மாதிரிச் செருப்பை நான் சர்வீஸில் இருந்தவரை போட்டதே இல்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் உங்களிடம் செருப்பைப் பற்றியே பேசினேன்.

பேசியது என்ன என்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அன்று வராதவர்களும் இதைப் படிப்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நாம் எல்லோரும் காலைத் தசை என்றுதான் பார்க்கிறோம். தள்ளச் சொல்கிறோம், இழுக்கச் சொல்கிறோம், பலத்துக்கு மார்க் போடுகிறோம். ஆனால் மூளை போடுகிற உத்தரவு மட்டும் இருந்தால் கால் நடந்துவிடாது. ‘தரையைத் தொட்டுவிட்டேன், இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன், முட்டி இவ்வளவு மடங்கியிருக்கிறது’ என்று காலிலிருந்து பதில் விடாமல் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதிலைக் கொண்டுபோவது உணர்வு நரம்பு. அது கெட்டுப்போனால் தசையில் முழு பலம் இருந்தும் கால் தடுமாறும். போனில் அந்தப் பக்கம் லைன் கட்டானது தெரியாமல் நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போமே, மூளையும் காலிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த சீனியர் ஒரு முன்கோபி. “தசைய மட்டும் பாக்கறவன் கறிக்கடைக்குப் போகலாமே, இங்க இன்னாத்துக்கு வந்த?” என்பார். நோயாளி வந்து உட்கார்ந்ததுமே அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “நடக்கும்போது செருப்பு கழண்டா தெரியுதா? இல்ல, தெரியாமலே போயிடுதா?” காலில் பலம் குறைந்தவருக்குச் செருப்பு நழுவுவது தெரியும், விரலால் பிடித்து வைக்கத்தான் முடியாது. உணர்வு குறைந்தவருக்கு நழுவியதே தெரியாது. ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டே இருப்பார், யாராவது கூப்பிட்டுச் சொல்லும் வரைக்கும். நாள் முழுக்க ஷூவும் சாக்ஸும் மாட்டிக்கொண்டு திரிகிற ஊரில் இப்படி ஒரு கேள்வி பிறந்திருக்காது. நம் தெருவில் பிறந்த கேள்வி இது.

அப்புறம் சண்முகம் கதையைச் சொன்னேன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனில் சேல்ஸ்மேனாக இருந்தவர். மயிலாப்பூரில் ஒரு கோயிலில் தீபாராதனை நேரம். கற்பூரத் தட்டு மேலே போனதும் எல்லோரையும் போலக் கண்ணை மூடி, கையைத் தலைக்கு மேல் கூப்பியிருக்கிறார். அவ்வளவுதான், அப்படியே பின்னால் சாய்ந்து, வரிசையில் நின்ற ஒரு அம்மாள் மேல் விழுந்துவிட்டார். சிலர் சாமி வந்துவிட்டது என்றார்கள். மற்றவர்கள் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றார்கள். பாக்குக்கூடப் போடாத மனுஷன்.

அவரை நம் துறைக்கு அனுப்பினார்கள். கால் பலமெல்லாம் முழுசாக இருந்தது. சீனியரின் கேள்வியைக் கேட்டேன். “என் செருப்பு கழலறதே இல்ல சார்” என்றார் கம்பீரமாக. பக்கத்தில் நின்ற அவர் மனைவி, “எப்படிக் கழலும்? பின்னால வார் வச்சதாப் பாத்துல்ல வாங்கி மாட்டிக்கிட்டு இருக்காரு” என்று போட்டு உடைத்தார். அதற்கு முன்னால் இரண்டு தடவை ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாராம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செருப்பை மாற்றிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மற்ற நோயாளிகளெல்லாம் பார்க்க அவரைத் திட்டினேன். “இதுல வெட்கப்பட என்னய்யா இருக்கு? ஆரம்பத்துலயே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்குமா?” என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “உங்களுக்கு இன்னும் நடுத்தெருவுல செருப்பு போகல சார். அதான் இப்படிப் பேசறீங்க” என்றார். இதைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

காலிலிருந்து வராத செய்தியைக் கண் வழியாக வாங்க அவருக்குப் பழக்கினேன். பாதத்தைப் பார்த்து நட. முகம் கழுவும்போது இடுப்பை வாஷ்பேசினில் சாய்த்துக்கொள். இருட்டில் காலை எடுத்து வைக்காதே. சாமியைக் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடு. மனுஷன் தேறிவிட்டார், மறுபடி கடைக்கும் போனார். அதோடு கதையை முடித்தேன், நீங்கள் கை தட்டினீர்கள்.

நான் சொல்லாமல் விட்டது இனிமேல்தான் வருகிறது.

எனக்குச் சர்க்கரை ரொம்ப வருஷமாக இருக்கிறது. எனக்கும் நடுத்தெருவில் செருப்பு போனது, போன மழைக்காலத்தில். வீடு மேற்கு மாம்பலத்தில். மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“யோவ் பெருசு! செருப்ப இங்க வுட்டுட்டு எங்க போய்க்கினே கீற?”

யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்து நடந்தேன். மறுபடியும் அதே குரல், இந்த முறை கூடவே சிரிப்பும் சேர்ந்து வந்தது. திரும்பினேன். கீரை விற்கிற ஒரு அம்மாள் என் செருப்பைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக, சேற்றிலும் முட்டைக்கோஸ் இலையிலும் நின்றுகொண்டிருந்தது. சேறு சில்லென்று இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“வார் அறுந்துபோச்சும்மா” என்றேன்.

அந்த அம்மாள் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான கீது” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை, மார்க்கெட்டில் எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. சண்முகம் சொன்னது ஞாபகம் வந்தது. அங்கேயே, அந்தச் சேற்றில் நிற்கும்போதே, சர்க்கரை என் காலின் உணர்வு நரம்பைக் கெடுத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் மறுநாள் பாண்டி பஜாருக்குப் போய்ப் பக்கிள் வைத்த செருப்பு வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் குணமாவதற்குச் சொல்லிக்கொடுத்த வித்தையை எல்லாம் ஒளிப்பதற்கு எடுத்துக்கொண்டேன். வாஷ்பேசினில் இடுப்பைச் சாய்த்தேன். வீட்டில் ஹால் லைட்டை அணைக்க விடாமல் சண்டை போட்டேன். கோயிலில் கண்ணைத் திறந்துகொண்டே நின்றேன். “சாமிய ஏங்க இப்படி முறைச்சுப் பாக்கறீங்க? ஏதாவது பிரச்சினையா உங்க ரெண்டு பேருக்கும்?” என்று என் மனைவி கேட்டாள். “கண்ணாரப் பாக்கறேன், அதுவும் தப்பா?” என்றேன். அவள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வித்தை செல்லாது. கார் ஓட்டும்போது கண் ரோட்டில் இருக்க வேண்டும். கால் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பிரேக் மேல் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறது என்று கால்தான் சொல்ல வேண்டும். என் கால் சொல்வதை நிறுத்திவிட்டது. இதை வேறு யாருக்காவது நான் விளக்கிச் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். என் மகள் சுமதி எங்களோடுதான் இருக்கிறாள், வேலைக்குப் போகிறவள். பேத்தி யாழினி இரண்டாம் வகுப்பு, மயிலாப்பூரில் பள்ளிக்கூடம். காலையில் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது. துரைசாமி சுரங்கப்பாதையில் நுழைந்ததும் ஆரம்பிப்பாள், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வாய் ஓயாது. யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த மிஸ் புதுப் புடவை, எல்லாம் பின் சீட்டிலிருந்து எனக்கு வந்துவிடும். காலைப் பற்றி வீட்டில் சொன்னால் அன்றைக்கே கார் சாவியை வாங்கிவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை. இவ்வளவு அற்பமான காரணம்தான்.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு முந்தின தெரு. முன்னால் ஒரு ஆட்டோ நின்றது, பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். கார் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. இன்னும் பலமாக அழுத்தினேன், இன்னும் பாய்ந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து ஹாண்ட் பிரேக்கை இழுத்தபோது கார் ஒரு இளநீர் வண்டி மேல் மோதி நின்றது. இளநீரெல்லாம் தெருவெங்கும் உருண்டது. வண்டிக்காரர் அந்தப் பக்கம் மட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார், தப்பித்தார். அவர் எப்போதும் உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூல் சக்கரத்துக்கடியில் நொறுங்கிக் கிடந்தது.

பின்னால் திரும்பினேன். யாழினி முன் சீட்டில் முட்டிக்கொண்டு உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. இளநீர்க்காரர் ஜன்னலில் குனிந்து, “இன்னா பெரியவரே, பிரேக்குன்னு நெனச்சு இன்னாத்த அமுக்கின?” என்று கேட்டார். அவர் கண் நொறுங்கின ஸ்டூல் மேலேயே இருந்தது. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு நேராக ஒரு பதில் இருந்தது, எனக்கும் தெரியும். சுற்றி எத்தனை முகங்கள். மார்க்கெட்டில் சிரித்த முகங்கள் மாதிரியே எனக்குத் தெரிந்தது.

“பாப்பா கூப்பிட்டா. திரும்பிட்டேன்” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் கூப்பிட்டதும் உண்மை. ‘தாத்தா, இன்னிக்கு என்ன தெரியுமா’ என்று தினமும் நூறு தடவை கூப்பிடுவாள், அப்போதும் கூப்பிட்டாள். நான் திரும்பவே இல்லை. என் கண் ரோட்டில்தான் இருந்தது. கூட்டம் உடனே இளகிவிட்டது. “கொயந்தைங்க அப்படித்தான்” என்றார் ஒருவர். “பாப்பா, வண்டி ஓட்டறப்ப தாத்தாவ டிஸ்டர்ப் பண்ணக் கூடாது, சரியா?” என்று ஒரு பெண் குனிந்து புத்தி சொன்னாள். உதட்டில் ரத்தத்தோடு யாழினி தலையாட்டினாள்.

சுமதி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அவளிடமும் அதையே சொன்னேன். ஒரு தடவை சொன்ன பொய் இரண்டாவது தடவை சுலபமாக வருகிறது. யாழினியின் உதட்டில் தையல் போட்டார்கள். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்று சொல்லி அதற்குப் பிறகு நான் வண்டியைத் தொடவில்லை. இனி யாருக்கும் ஆபத்து இல்லை, விஷயம் முடிந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முடியவில்லை. சுமதி ஆபீஸ் நேரத்தை மாற்றிக்கொண்டு அவளே குழந்தையைக் கொண்டுபோய் விட ஆரம்பித்தாள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, “யாழினி இப்பல்லாம் கார்ல வாயே திறக்கறதில்லப்பா. நான் ஏதாவது கேட்டாக்கூட, வண்டி நிக்கட்டும்மாங்கறா. நல்ல பாடம் கத்துக்கிட்டா” என்றாள், பெருமையாக. என் மனைவி குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். யாழினி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ரசம் ஊற்றச் சொன்னேன். அந்த இடத்தில் நான் செய்தது அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் உங்கள் வகுப்புக்கு வந்தேன். சண்முகம் கதையெல்லாம் முடிந்த பிறகு, உங்களில் ஒரு பெண் எழுந்து, “சார், பேஷன்ட் மறைச்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள். நான் மிடுக்காக, “வாய் பொய் சொல்லும், கால் பொய் சொல்லாதும்மா. காலப் பாருங்க” என்றேன். அதற்குத்தான் பெரிய கைதட்டல். நீங்கள் கை தட்டும்போது என் இரண்டு காலும் மேடையில் உங்கள் கண்ணுக்கு நேராக, பக்கிள் போட்டு நின்றுகொண்டிருந்தன. ஒருவராவது பார்த்துவிடுவீர்களோ என்று பயந்தேன். யாராவது பார்த்துத் தொலைக்கக் கூடாதா என்றும் இருந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. வாத்தியார் காலைப் பார்க்க நம் ஊரில் யாருக்கும் தோன்றாது.

வீட்டுக்கு வந்தபோது யாழினி மட்டும் ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். என் மனைவி சமையலறையில் இருந்தாள். சுமதி இன்னும் வரவில்லை. சோபாவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். கழற்றிவிட்டு, “யாழினி, அன்னிக்கு வண்டி மோதினது நீ கூப்பிட்டதால இல்லம்மா. தாத்தாவோட கால்தான் காரணம்” என்றேன்.

அவள் நிமிராமலே, “நான் அழக்கூடாதுன்னு சும்மா சொல்ற” என்றாள்.

“இல்லடா, நிஜமா.”

“நான்தான் கூப்பிட்டேன். எனக்குத் தெரியும்.”

எவ்வளவு சொல்லியும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏழு வயசுக் குழந்தை, நான் கட்டிய பொய்யை என்னிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாம் தினமும் செய்கிற பரிசோதனையைச் செய்யச் சொன்னேன். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, “என் கட்டைவிரலப் பிடி. மேலயும் கீழயும் இல்ல, ரெண்டு பக்கமும் பிடி. நான் கண்ண மூடிக்கிறேன். நீ விரல மேல தூக்கு, இல்ல கீழ இறக்கு, உன் இஷ்டம். எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்” என்றேன். விளையாட்டு என்றதும் கிட்டே வந்தாள்.

கண்ணை மூடினேன். அவள் பிடித்ததே தெரியவில்லை.

“சொல்லு தாத்தா.”

“மேல.”

“தப்பு.”

“இப்ப?” என்று நானே கேட்டு, நானே சொன்னேன்.

“கீழ.”

“தாத்தா, நான் இன்னும் அசைக்கவே இல்ல.”

மறுபடி, மறுபடி. குருட்டாம்போக்கில் ஒன்றிரண்டு சரியாக வந்தன, மீதியெல்லாம் தப்பு. முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தபோது விரலை விடாமல் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் தையல் போட்ட கோடு சிவப்பாக இருந்தது.

“அப்ப அன்னிக்கு பிரேக் எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியலையா?”

“தெரியல.”

“நான் கூப்பிட்டதால இல்லையா?”

“இல்லம்மா.”

“அப்ப ஏன் அப்படிச் சொன்ன?”

இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். நடப்பேனா, பிழைப்பேனா என்றெல்லாம். இதை யாரும் கேட்டதில்லை. “எனக்கு வெட்கமா இருந்துச்சு” என்றேன். அதுதான் உண்மை, ஆனாலும் அது ஒரு பதில் இல்லை. அவள் விரலை விட்டாள். “அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்றாள்.

நானே சொன்னேன். சுமதி பேகைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே கேட்டாள். முடித்ததும், “அவ உதட்டுல ரத்தம் வந்துக்கிட்டு இருந்துச்சுப்பா. அதப் பாத்துக்கிட்டேவா அப்படிச் சொன்னீங்க?” என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு வயசுப் பெண்ணை அவள் தூக்குவதே இல்லை, அன்றைக்குத் தூக்கினாள். இளநீர்க்காரரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர் புது ஸ்டூலில் உட்கார்ந்தபடி, “அன்னிக்கு பாப்பா மேல பழி போட்டியே, அது கிட்ட சொன்னியா முதல்ல?” என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்குப் பாடம் என்று எதையும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் மலர் ஆசிரியர் விடமாட்டார். சீனியரின் கேள்வியைக் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். இந்தச் செருப்பு எப்போதிலிருந்து, இதற்கு முன்னால் எந்த மாதிரிச் செருப்பு என்று கேளுங்கள். வண்டி ஓட்டுகிறாரா, பின்னால் யாரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று கேளுங்கள். டாக்டரோ, வாத்தியாரோ, ரிட்டயர் ஆன உங்கள் பெரியவரோ, யார் வந்தாலும் கேளுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். நிறைய இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேளுங்கள். சண்முகத்தை நான் அப்படிக் கேட்டிருந்தால் அவர் மனைவி சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லியிருப்பார்.

இப்போது எனக்கு வைத்தியம் நடக்கிறது, உங்களில் இருவர்தான் என் காலைப் பார்த்துக்கொள்கிறீர்கள். கார் சாவி சுமதியிடம். ஒரு மாதத்துக்குப் பிறகு போன வாரம்தான், ஆட்டோவில் யாழினியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக என்னை அனுமதித்தாள். சந்தோஷமாக ஏறினேன், பழையபடி சுரங்கப்பாதையில் கதை ஆரம்பிக்கும் என்று. யாழினி ஓரமாக உட்கார்ந்து வாயை இறுக்க மூடிக்கொண்டாள். “இப்பதான் தாத்தா ஓட்டலையே, பேசும்மா” என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சுரங்கப்பாதைக்கு முன்னால் நெரிசலில் ஆட்டோ நின்றது. அப்போது எழுந்து நின்று, முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். டிரைவர் காலில் சாதாரண ரப்பர் செருப்பு.

“அங்கிள், உங்க செருப்பு கழண்டா உங்களுக்குத் தெரியுமா?”

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இன்னா பாப்பா கேக்குற? என் செருப்பு கழண்டா எனக்குத் தெரியாம இன்னா?”

“நிஜமா?”

“அட, நிஜமாத்தான்” என்று அவர் காலை ஒரு உதறு உதறிச் செருப்பைக் கழற்றி, விரலாலேயே தேடி மறுபடி மாட்டிக் காட்டினார். கீழே பார்க்கக்கூட இல்லை.

யாழினி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. என் பக்கம் திரும்பி, “தாத்தா, நேத்து கிளாஸ்ல என்ன ஆச்சு தெரியுமா” என்று ஆரம்பித்தாள்.